திரும்பி வரும் சத்தம்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு லாரி டிரைவரும் அவர் மகளும் ஆளுக்கொரு காதில் இயர்போனோடு இருந்தார்கள். மகளே உருவாக்கிய ஆல்பமாம்.

“பாட்டு எப்ப வரும்?”

“இந்தச் சத்தம்தான் பாட்டு, நைனா. பஸ்ல போய்க்கினே போன்ல எடுத்தேன்.”

“செகண்ட் கியர்ல மொனகிக்கினு ஏறுது. இது பலமனேர் போற மலை ரோடாச்சே. நீ திருப்பதி ஹாஸ்டல்ல இருந்தேன்னு சொன்ன?”

“பெங்களூருக்கு இன்டர்வியூ போனேன், நைனா. வேலை கெடைச்சிடுச்சி.”

பஸ் சந்திரகிரியைத் தாண்டியது. சத்தம் முடிந்திருக்க வேண்டும். இயர்போனைக் கழற்றிப் பார்த்தார்.

“போற சத்தம்தான் கீது. திரும்பி வர சத்தம் எங்க?”

“அதைச் சேக்கல, நைனா.”

“மொதல்லர்ந்து இன்னொரு தபா போடு. எங்கியாவது இருக்கும்.”