தளம் இறுகியது

எங்கள் அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி யாருக்கும் பிடிக்காது. காகிதம் பறக்கும் என்பார்கள். எனக்குக் கணினி மட்டும்தான், அதனால் அந்த இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். யாரோடும் பேச வேண்டியிராத மூலை. விசாரிக்க வந்த நீங்களும் வாயால் சொல்ல வேண்டாம், எழுதிக் கொடு என்றீர்கள். அதற்கு நன்றி.

நகரசபை கட்டும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் திரையில் ஒரு வரிசை உண்டு. அஸ்திவாரம், தூண், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாக இருக்கும். முடிந்தால் பச்சை, தாமதமானால் சிவப்பு. வேலையிடத்துக்குப் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் நிறத்தை மாற்ற வேண்டும். ஒன்று பச்சையானதும் அடுத்த வேலையைத் தொடங்கச் சொல்லி அங்கே தானாகவே செய்தி போய்விடும். நல்ல ஏற்பாடு. அதில் எனக்குக் குறை இல்லை.

குறை ஆய்வுக் கூட்டத்தில்தான். ஒரே கட்டம் அடுத்தடுத்த கூட்டங்களில் சிவப்பாக இருந்தால், பதிவு செய்கிறவள் எழுந்து நின்று காரணத்தை வாசிக்க வேண்டும். பாடம் வாசிக்க எழுப்பிவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். அம்மா அடித்தும் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். நான் திரும்பப் போகவில்லை.

சந்தைக் கட்டட வேலையில் போனை எடுப்பது மேஸ்திரியின் மனைவி. கலவை சுமப்பவர். மனதுக்குள் அக்கா என்று கூப்பிடுவேன். "என்ன கண்ணு, பேசினா வாய் தேஞ்சு போயிடுமா?" என்பார். நான் "ம்" என்பேன். என் கேள்வி என்னவென்று அவரே கண்டுபிடித்துப் பதிலும் சொல்லிவிடுவார். கூடவே சாப்பிட்டாயா என்பார், குரல் கம்மியிருக்கிறதே, சளியா என்பார். "ம்" என்பதில் சளியைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான்.

மழையால் அங்கே தளம் போடுவது தள்ளிப்போனது. கான்கிரீட் இறுகும்வரை கீழே கம்புகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். "தளம் இறுகியது" என்ற கட்டம் ஒரு கூட்டத்தில் சிவப்பாக இருந்தது. அடுத்த கூட்டத்தன்று காலை நான் போன் செய்யவில்லை. வேலை நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்வானேன் என்று நினைத்தேன். பச்சையாக்கினேன். "நம்ம ஊமைக்கோட்டான் வேலைன்னா வேலைதான்" என்றார் கூட்டத்தில் பொறியாளர். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் என்னை எழுப்பவில்லை.

இடத்துக்குத் திரும்பியபோது அக்காவே கூப்பிட்டார்.

"கண்ணு, முட்டுக் கம்பெல்லாம் எடுக்கச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு. தளம் இன்னும் ஈரம் காயலைங்கறாரு எங்க வீட்டுக்காரரு. இன்ஜினீயரைக் கேட்டுட்டுத்தான் அனுப்பினாங்களா?"

இல்லை என்றால் ஏன் என்று கேட்பார். பிறகு பொறியாளரிடம் போய் நிற்க வேண்டும். எல்லோர் முன்னும் விளக்க வேண்டும். நான் "ம்" என்றேன்.

"சரி கண்ணு. நீ சொன்னா சரி."

இதைப் பொய் என்று குறித்துக்கொண்டீர்கள். நான் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பின் அந்தச் சத்தம் அலுவலகம்வரை கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். நான் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை மறுபடி சிவப்பாக்கினேன். தளம் இறுகவில்லைதானே, திரையில் சரியான தகவல் இருக்க வேண்டும். நிறம் மாறிய நேரத்தையும் அது பதிந்து வைக்கும் என்பது எனக்குத் தெரியாது.

அப்போது போன் அடித்தது. அக்காவின் எண். பிழைத்துவிட்டார் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பிறகு அடிக்கவில்லை.

படிக்கட்டுக்குக் கீழே யாரும் இருக்க மாட்டார்கள் என்று அந்தப் பக்கம் கடைசியாகத்தான் தோண்டினார்களாம். போனைக் கையில் பிடித்தபடியே கிடந்தார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

எடுத்திருக்கலாமே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எடுத்திருந்தால் மட்டும் அவருக்கு என்ன கிடைத்திருக்கும்? நான் "ம்" என்றுதானே சொல்லியிருப்பேன்.