கல்யாண டின்னரில் வாசித்த மார்க்

“நம்ம பையனைக் கெடுத்தது நீங்கதான்.”

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும் ரயிலில், பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் தன் கணவரிடம் இப்படிச் சொன்னார். பெட்டி முழுக்கக் கேட்டது.

“மெதுவா பேசு லா. ஸ்கூல் கம்ப்யூட்டருக்குள்ள பூந்தது அவன். பாஸ்வர்டைத் திருடுன்னு நானா சொன்னேன்?”

“பூந்துட்டேன்னு வந்து சொன்னப்போ நீங்க ஏசவே இல்லையே! கல்யாண டின்னர்ல அவன் போனை வாங்கி, அதே ஸ்கூல்ல படிக்கிற சொந்தக்காரப் பிள்ளைங்க மார்க்கை எல்லாம் சத்தமா வாசிச்சீங்க. என் மகன் ஹேக்கர்னு பெருமை வேற. உங்க தங்கச்சி மக கணக்குல ஃபெயில்னதும் மேசையே சிரிச்சிச்சு. அந்தப் பொண்ணு இன்னும் ஸ்கூலுக்குப் போகல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “விளையாட்டுக்குத்தான் வாசிச்சேன்.”

“பையன் அசெம்பிளில எல்லார் முன்னாடியும் நின்னு மன்னிப்புக் கேட்டுட்டான். நீங்க?”

எதிர் இருக்கையில் இருந்த நான் ஜன்னலைப் பார்த்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கை விசாரிக்காத வீடு நம்மில் எது?

“இப்போ போற நிச்சயதார்த்தத்துக்கு அதே கூட்டம்தான் வருது. உங்க தங்கச்சி மகளும் வரா. மைக்கை வாங்குங்க. ஏன் வாசிச்சீங்கன்னு எல்லார் முன்னாடியும் அவளுக்குப் பதில் சொல்லுங்க.”