கட்டடத்துக்கு வயசாயிடுச்சாம்

தீபாவளி விளக்குகள் போட்ட வாரம், செவ்வாய்க்கிழமை மதியம். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் பேருந்து ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். மூத்தவர் மடியில் சாப்பாட்டுப் பை இருந்தது.

“கட்டடத்துக்கு வயசாயிடுச்சாம், அதுக்கு உங்கண்ணனை மார்சிலிங்குக்கு மாத்துறாங்களாம். நம்புறியா மாலா?”

“புது ஆஸ்பத்திரி கட்டி முடிக்கிற வரைக்கும்தானே அண்ணி.”

“போன வருஷம்தான் பெயிண்ட் அடிச்சாங்க. அதுக்குள்ள எப்படிப் பழசாகும்? இடத்தை எடுத்து கொண்டோ வீடுங்க கட்டப் போறாங்க, பாரு. பக்கவாதம் வந்ததிலேருந்து நான் ஊட்டினாதான் அவர் முழுங்குறார். தினம் அவ்வளவு தூரம் எப்படி லா போவேன்?”

“பெயிண்டைப் பார்த்தீங்க, லிஃப்டைப் பார்த்தீங்களா? கட்டில் போற லிஃப்ட் அங்க ஒண்ணுதான். அது பாதி நாள் ஓடாது. ரொம்பப் பழசு, பார்ட்ஸே கிடைக்கலயாம்.”

“யார் சொன்னா?”

“நானே பார்த்தேன். போன வாரம் அண்ணன் பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு மூச்சுத் திணறிச்சு. லிஃப்ட் நின்னு போயிருந்திச்சு. போர்வையில போட்டு, நாலு பேர் படியில தூக்கிட்டு இறங்கினாங்க.”

அவர்கள் இறங்கும் நிறுத்தம் வந்தது. மாலா மணியை அழுத்தினார். மூத்தவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அப்போ தெரிஞ்சேதான் இவரை நாலாவது மாடியில படுக்க வச்சிருக்காங்களா?”