தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தேன்

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், எவரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அம்மாவிடம். நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் மேடைப்பேச்சாக எழுதிப் பார்க்கிறேன்.

தலைமை வகிக்கும் தையல் மிஷின் அவர்களே, வரிசையாகக் குத்தி அமர்ந்திருக்கும் குண்டூசிச் சான்றோர்களே, தாய்மார்களே! தாய் ஒருவர்தான், அவரும் அடுத்த அறையில் தூங்குகிறார். ஆகவே கைதட்டலைத் தவிர்க்கவும்.

நடந்தது என்ன? ஒட்டுத்துணிப் போர்வைக்காக அம்மா மெழுகுச்சாயம் போட்ட நீல பாட்டிக் துணியை முக்கோணங்களாக வெட்டினார். "எல்லாத்தையும் தேய்ச்சு வைடி" என்றார். தேய்த்தேன். முன்னே தேய்த்தேன், பின்னே தேய்த்தேன், மூச்சு முட்டத் தேய்த்தேன். குறுக்காக வெட்டிய விளிம்பு ரப்பர்போல நீளும் என்று யார் சொன்னார்கள்? தேய்க்காதே, பெட்டியை வைத்து வைத்து எடு என்று யார் சொன்னார்கள்? தேய்ப்பதற்குத் தேய்ப்பது என்றுதானே பெயர்?

என்ன, இஸ்திரிப்பெட்டி அவர்களே? கேட்டிருக்கலாமா? எதைக் கேட்டாலும் "இதுகூடத் தெரியாதா" என்று பதில் வரும் வீட்டில் எப்படி ஐயா கேட்பது?

இணைத்துத் தைத்தால் ஓரமெல்லாம் சுருக்கம், நடுவெல்லாம் தொப்பை. அம்மா மூன்று முறை பிரித்துத் தைத்தார். நான்காம் முறை தூக்கி எறிந்தார். "அந்தத் துணிக்கடைக்காரன் குப்பையை என் தலையில கட்டிட்டான். நாளைக்குக் கடை திறக்கட்டும், நாலு பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன்" என்றார். எறிந்த துண்டுகளை நான் பொறுக்கி எடுத்தேன்.

அந்தக் கடைக்காரர் யார்? என் பொம்மைகளுக்காக வெட்டுத்துண்டுகளைச் சேர்த்து வைத்து, "டாக்டரம்மா, ஆபரேஷனுக்குத் துணி ரெடி" என்று தருகிறவர்.

அவையோரே, சற்றுமுன் ஒரு முக்கோணத்தை நனைத்தேன். அட்டையில் அளவு வரைந்து, இழுக்காமல் ஊசி குத்தினேன். பெட்டியை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். கோடு பிசகாமல் பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது! மகிழத்தான் முடிகிறதா? துணி நல்ல துணி என்றால், கெடுத்தது யார்? கடைக்காரரைக் காப்பாற்றும் சாட்சியே என்னைக் காட்டிக்கொடுக்கிறது.

இந்த முக்கோணத்தை அம்மாவின் பையில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் பள்ளிக்கு ஓடிவிடலாம். ஓடலாமா? குற்றம் துணியுடையதா? இல்லை. கடையுடையதா? இல்லை. குற்றம்

கதவைத் தட்டுகிறார்கள்.

"உள்ள என்னடி இஸ்திரி வாசனை? திற."

முக்கோணம் என் கையில்தான் இருக்கிறது. பொறுமையாகக் கேட்ட குண்டூசிகளுக்கு நன்றி. மீதியை அம்மாவிடமே பேசிவிடுகிறேன். வணக்