பல்லுக்கு முன்னால் ஒரு மேடு

மரம் அறுக்கும் செயின்சோவின் செயினைத் தீட்ட முன்வாசல் படிதான் வசதி. வெளிச்சம் நன்றாக விழும். யார் எந்த வீட்டுக்குள் நுழைகிறார்கள் என்பதும் தெரியும். கிண்ணியாவில் எங்கள் ஒழுங்கையின் செய்திகளில் பாதி, நான் அரமும் கையுமாக இருந்தபோது கிடைத்தவை.

மரம் வெட்டிய என் கணவரிடம் பழகிய வேலை இது. அவர் மௌத்தான பின் மெசின் மருமகன் றிகாஸிடம் போனது. தீட்டுவது என்னிடமே இருந்தது. றிகாஸ் நல்ல பிள்ளை. கொஞ்சம் வாய்.

"மாமிட நாக்கத்தான் செயினாப் பூட்டியிருக்கு. பாலை மரமும் தாங்காது," என்பான்.

"ஓம் மகன், கிட்ட வாங்க, தாடியையும் வழிச்சி விடுறன்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். மகள் அம்ராவுக்குக் கல்வீட்டைக் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக் குசினியை ஒட்டிய அறைக்குப் போனேன். அப்படியிருக்க, ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி றிகாஸ் சொன்னான்:

"மாமி, பெருநாள் கழிய நாங்க தோப்பூருக்குப் போறம். என்ட உம்மாட வளவுக்குள்ள ஊடு கட்டப்போறன்."

அம்ரா தலையைக் குனிந்துகொண்டாள். ஊர்க்கதை எல்லாம் முதலில் வந்து சேரும் எனக்கு, என் வீட்டுக் கதை கடைசியாக வந்தது. மகளைப் போகவிட்டு வெறும் வீட்டைக் காக்கும் ஒருத்தியைப் பற்றி நான் என்னவெல்லாம் கதைப்பேன் என்று எனக்குத் தெரியும். அதை மற்றவர்கள் கதைக்க விட முடியாது.

செயினில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சிறு மேடு ஒன்று இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளவு வைப்பது அதுதான். எப்போதாவது தட்டை அரத்தால் மெல்லத் தடவினால் போதும். அன்று எல்லா மேடுகளையும் நன்றாகத் தேய்த்துவிட்டேன். அப்படித் தேய்ந்தால் பல் அளவுக்கு மீறிக் கடிக்கும். மெசின் உதறி, அதைப் பிடித்திருப்பவனை நோக்கி எழும்பும். கையில் சின்னக் காயம், பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் நினைத்தேன். கழுத்தைப் பார்த்து வரும் என்று கணவர் சொல்லித்தான் இருந்தார்.

நான் தீட்டியதை றிகாஸ் என்றைக்கும் சரிபார்த்ததில்லை. நிலாவெளிக்கு மரம் வெட்டப் போனவனை ஜனாஸாவாகக் கொண்டுவந்தார்கள்.

அம்ரா இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் அந்த மாதங்களில் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. எனக்கு நிம்மதியான மாதங்கள். அது முடிந்த அன்றே, தோப்பூரில் றிகாஸின் உம்மாவோடு இருக்கப்போவதாகச் சொல்லி உடுப்பை அடுக்கினாள். அவள் உள்ளே இருக்க, அறையை வெளியிலிருந்து பூட்டினேன்.

"என்ன ராத்தா, அம்ராட சத்தம் கேக்குது?" என்று பக்கத்து வீட்டு சப்ரினா வேலிக்கு மேலால் கேட்டாள்.

"புருசன் மௌத்தானதில இருந்து பிள்ளைக்குப் புத்தி கொஞ்சம் பிசகு."

மாலைக்குள் அது கடைசி வீடு வரை போய்விட்டது. நான் சொன்ன கதையை யாரும் விசாரிப்பதில்லை.

சப்ரினாவின் மகள் கட்டாரிலிருந்து பெருநாளைக்கு மட்டும் பேசுகிறாள். அம்ரா அப்படியல்ல. "உம்மா, கதவத் திறங்க உம்மா" என்று விடிந்தது முதல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு நாளைக்கு இத்தனை தடவை உம்மாவைத் தேடும் மகள் இந்த ஒழுங்கையில் வேறு யாருக்கு வாய்த்திருக்கிறாள்?