நேதனுக்கு இடது பக்கம்

— பீரங்கி மரியாதை, இருபத்தொரு குண்டு. அதுல மாத்தம் எதுவும் இல்லையே, ஐயா?

— எத்தனை வேணா சுடுங்க, கர்னல். எனக்கா கேக்கப்போகுது?

— அதிபரா இருந்தவங்க எல்லார்கிட்டயும் இறுதிச் சடங்கைப் பத்தி முன்கூட்டியே கேட்டு வச்சுக்கறது வழக்கம், அம்மா. தப்பா எடுத்துக்காதீங்க.

— நான் ஏன் தப்பா எடுத்துக்கறேன்? எங்க கல்யாணத்துக்கு வந்ததைவிட இதுக்குத்தான் கூட்டம் அதிகம் வரும். காபி ஆறுது பாருங்க, குடிங்க.

— கோரா, உன் நாக்குக்கு ஓய்வே கிடையாதா?

— நீ பேசற மேடையிலெல்லாம் பின்னாடி சிரிச்சிக்கிட்டே உக்காந்திருந்தேனே, வெண்டல். அப்போ நல்லா ஓய்வு எடுத்துக்கிச்சு.

— அடக்கம் உங்க பேர்ல கட்டின நூலகத் தோட்டத்துலதானே, ஐயா? பளிங்குகூட இறக்கியாச்சாமே.

— அதை அடிச்சிடுங்க. இங்கயே, எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துல. என் மகன் நேதன் பக்கத்துல.

— முடியாது.

— நல்லா கேட்டுக்க கோரா, ஒரு தகப்பனா நான்...

— மேடைப் பேச்சு வேண்டாம். முடியாதுன்னா முடியாது. வலது பக்கம் எனக்கு. இடது பக்கத்தை ஸ்வென்சன் குடும்பத்துக்கு வித்துட்டேன்.

— வித்துட்டியா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?

— நேதன் பட்டாளத்துல போய்ச் சேர்ந்தப்போ, சண்டைக்கு அனுப்பாதேன்னு நான் உன்கிட்ட கேட்டேன். நீ கேட்டியா?

— நான் கொஞ்ச நேரம் வெளிய நிக்கறேன், அம்மா.

— உக்காருங்க கர்னல், நீங்களும் கேளுங்க. இந்த மனுஷருக்கு ஒருதரம் கை குடுத்தீங்கன்னா, எத்தனை வருஷம் கழிச்சாலும் உங்க பேரு, உங்க வீட்டு நாய் பேரு ரெண்டும் சொல்வாரு. நெப்ராஸ்காவுல எங்கே புயல் அடிச்சாலும் முதல் ஆளா போய் நிப்பாரு. வீடு இழந்தவன் தோளைக் கட்டிக்கிட்டு அழுவாரு. நடிப்பு இல்ல, நிஜ அழுகை. அதைப் பார்த்துத்தான் நானும் கட்டிக்கிட்டேன், ஜனமும் ரெண்டு தரம் ஜெயிக்க வச்சுது. சொந்தப் பிள்ளை பெட்டியில வந்தப்போ மட்டும் கண்ணு காஞ்சுபோச்சு.

— நான் அழுதிருந்தா, அங்க சண்டையில மிச்சம் இருந்த பசங்களை எந்த முகத்தோட நிறுத்தி வைக்கறது? சண்டையே தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருக்கும். எதிர்ல அத்தனை கேமரா. தேர்தல் வேற...

— ம். தேர்தல் வேற.

— வாய் தவறி வந்துடுச்சு, கோரா.

— இல்ல. அது ஒண்ணுதான் தவறாம வந்துச்சு. கர்னல், அடக்கத்துல பெட்டி மேல போர்த்தின கொடியை மடிச்சு வீட்டாருக்குக் குடுக்கறப்போ என்ன சொல்வீங்க?

— அம்மா, அது எதுக்கு இப்போ...

— சொல்லுங்க.

— "அமெரிக்க அதிபரின் சார்பாகவும், ராணுவத்தின் சார்பாகவும், நன்றியுள்ள தேசத்தின் சார்பாகவும்..."

— அதேதான். நேதன் அடக்கத்துல, மீசைகூட முளைக்காத சிப்பாய் ஒருத்தன் மண்டி போட்டு, மடிச்ச கொடியை என் மடியில வச்சு, "அதிபரின் சார்பாக"ன்னான். அதிபர் என் பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்காரு! தோளோட தோள் இடிக்குது. நான் திரும்பிப் பார்த்தேன்.

— பார்த்தே. கோபத்துல பார்க்கறேன்னு நினைச்சேன்.

— அந்தப் பையனை நிறுத்திட்டு, கொடியை நீ வாங்கி நீயே குடுப்பியோன்னு பார்த்தேன்.

— நீ சொல்லவே இல்லையே.

— சொல்லிக் கேட்டு வாங்கற பொருளா அது? நீ போனா இன்னொரு கொடி வரும், வேற எவனோ ஒருத்தன் சார்பா. இந்த வீட்டுல அதுக்கு இடமில்ல.

— கர்னல், அலமாரியில ஒரு முக்கோணப் பெட்டி இருக்கு. அதுக்குள்ள இருக்கிற நேதனோட கொடியை எடுங்க. கண்ணாடி, பார்த்து.

— ஐயா, உங்க முட்டியில ஆபரேஷன் பண்ணியிருக்கு...

— கையைக் குடுங்கய்யா. மண்டி போடணும், மெதுவா கீழ இறக்கி விடுங்க.

— வெண்டல், என்ன பண்றே? எழுந்திரு! உன்னை யாரு தூக்கறது?

— பேசாதே. நான் எவ்வளவோ பேசியிருக்கேன், இது மட்டும் வரமாட்டேங்குது. கோரா... யாரு சார்பாவும் இல்ல. நான்தான் அனுப்பினேன். அந்தச் சண்டையே வேண்டாத சண்டை. எத்தனை வீட்டுப் பிள்ளைங்க... நம்ம நேதனை நான்தான்... இந்தா. வாங்கிக்கோ.

— அழு. நல்லா அழு. இங்க கேமரா இல்ல.

— அம்மா, நான் என்னன்னு எழுதிக்கறது?

— எழுதிக்கங்க, கர்னல். நேதனுக்கு இடது பக்கம்.

— அதை ஸ்வென்சன் குடும்பத்துக்கு வித்துட்டதா சொன்னீங்களே?

— ஸ்வென்சன் வருஷா வருஷம் வந்து கேக்கறான். இந்த மனுஷர் இப்படி ஒருதரம் வாயைத் திறக்கட்டும்னு, நான்தான் அதைக் காலியாவே வச்சிருக்கேன்.