இடதுகைக்காரருக்கு ஒரு கிலோ சேவு

இன்பம்: ...ஜெய்சால்மருக்கு முன்னால வலது பக்கம் திரும்பணும்னு நீங்கதான சொன்னீக?

டென்னிஸ்: நானா? எப்பச் சொன்னேன்?

இன்பம்: கல்யாணமான மறுவருசத்துல இருந்து சொல்லிக்கிட்டுத்தான இருக்கீக. வலது பக்கம் ஒரு டீக்கடை, அதத் தாண்டுனா மணல் மேடுன்னு. சொல்லுங்க, எளுதணும்.

டென்னிஸ்: அது இருவத்தாறு வருசத்துக்கு முந்தி, இன்பம். இப்ப பைபாஸ் போட்டிருப்பான். டீக்கடையெல்லாம் இடிச்சிருப்பான்.

இன்பம்: சரி. பைபாஸ்... டீக்கடை இல்ல... எளுதியாச்சு.

டென்னிஸ்: என்னத்துல எளுதுற?

இன்பம்: போன வருசக் காலண்டர் தாளுக்குப் பின்னால. இம்புட்டு அச்சாபீஸ் இருக்குற நாரணாபுரத்துல பேப்பருக்கா பஞ்சம்? கேளுங்க. திங்கக்கெளமை வெள்ளென நாலு மணிக்கு வீட்டைப் பூட்டுறோம். மதுரை, பெங்களூரு தாண்டி ராத்திரி சித்ரதுர்கா. அஞ்சாம் நாளு ஜெய்சால்மர். அங்கன மூணு நாளு. அப்புறம் சண்டிகர் வழியா மேல ஏறி அந்த இமாலயப் பூங்கா...

டென்னிஸ்: எம்புட்டு தூரம்னு தெரியுமா ஒனக்கு?

இன்பம்: எனக்கு எதுக்குத் தெரியணும்? பதினெட்டு வருசம் வெடி லோடு ஓட்டுன டிரைவரைல்ல கூட்டிட்டுப் போறேன்.

டென்னிஸ்: முட்டி வலிக்குது புள்ள. முன்ன மாதிரி இல்ல.

இன்பம்: நேத்து ஸ்கூல் வேனுக்கு அடியில படுத்து சைலன்சர் மாட்டுனீக. அப்ப வலிக்கலயா?

டென்னிஸ்: வேனை யாரு ஓட்டுறது? பிள்ளைக பள்ளிக்கூடம் போக வேணாமா?

இன்பம்: மணிமுத்து ஓட்டுறேன்னுட்டாரு. நான் பேசிட்டேன்.

டென்னிஸ்: அவனா? அவன் ஹாரனை வச்சுத்தான் வண்டியவே ஓட்டுவான்.

இன்பம்: ஓட்டட்டும். வேற என்ன இருக்கு? சொல்லிருங்க, ஒண்ணொண்ணா அடிச்சுக்கிட்டே வாறேன்.

டென்னிஸ்: குளிரு... மாசி மாசம் அங்கன மலையில பனி கெடக்கும்.

இன்பம்: அதுக்குத்தான போறோம். பனியில காலு புதைஞ்சு, செருப்பு மட்டும் உள்ள மாட்டிக்கிச்சுன்னு சொன்னீகள்ல?

டென்னிஸ்: ஆமா... சொன்னேன்.

இன்பம்: எனக்கு ஒரு சந்தேகங்க. நீங்க தீவாளிச் சரக்குதான ஏத்துனீக? ஆவணி, புரட்டாசில போறவருக்கு எப்படிப் பனி விளுந்துச்சு?

டென்னிஸ்: மலைல... மலைல எப்பவும் பனிதான்.

இன்பம்: ஓ. அப்படியா.

டென்னிஸ்: என்ன ‘அப்படியா’?

இன்பம்: ஒண்ணுமில்ல. கேட்டுக்கிட்டேன். இந்தா, நம்ம மக கிருபா அனுப்பியிருக்கா பாருங்க, பாலைவன தேசியப் பூங்கான்னு. அங்கன கானமயில் நிக்குமாம். நீங்க பாத்தீகளா?

டென்னிஸ்: பாக்காமயா? ரோட்டோரமா நின்னுச்சு. தோகையை விரிச்சுக்கிட்டு...

இன்பம்: தோகையா?

டென்னிஸ்: மயில்னா தோகை இருக்காதா?

இன்பம்: இதுக்குத் தோகையே கெடையாதாம். படத்துல நெருப்புக்கோளி கணக்கா இருக்கு.

டென்னிஸ்: லாரில போறப்ப சரியாத் தெரியுமா? தூரத்துல நின்னுச்சு.

இன்பம்: இப்பத்தான் ரோட்டோரம்னீக.

டென்னிஸ்: ஏ புள்ள, நீ என்ன போலீஸ் ஸ்டேசன்ல வச்சு விசாரிக்கிற மாதிரி...

இன்பம்: கோவிக்காதீக. ஆசைல கேக்குறேன். சரி, இதப் பாருங்க. நேத்து சாத்தூர் போயி வாங்கியாந்தேன். காராச்சேவு, ரெண்டு கிலோ.

டென்னிஸ்: ரெண்டு கிலோ எதுக்கு?

இன்பம்: ஒரு கிலோ நமக்கு வழில கொறிக்க. ஒரு கிலோ அந்த ஒட்டகக்கார அண்ணனுக்கு.

டென்னிஸ்: எந்த ஒட்டகக்காரரு?

இன்பம்: நல்லாக் கேட்டீக போங்க! பெரிய முண்டாசு, நரைச்ச மீசை, இடது கைல கம்பு. ஒங்களுக்கு இடது கையாலயே டீ ஊத்திக் குடுத்தாருல்ல? சோத்துக்கை வராது தம்பின்னு சொன்னாருன்னீக. இந்திலயா சொன்னாரு?

டென்னிஸ்: சைகைல...

இன்பம்: சைகைலயே அம்புட்டும் சொல்லிட்டாரா? கெட்டிக்காரருதான்.

டென்னிஸ்: இன்பம், அவருக்கு அப்பவே அறுவது இருக்கும். இன்னமுமா இருப்பாரு?

இன்பம்: இல்லாட்டி அவரு மகன் இருப்பான். அவன் கைல குடுத்து, ஒங்கப்பா எங்க வீட்டுக்காரருக்கு டீ குடுத்தாரு, நாங்க மறக்கலன்னு சொல்லணும்.

டென்னிஸ்: யாருன்னு தேடுவ? பேரு கூடத் தெரியாது.

இன்பம்: ஊருக்குள்ள போயி இடதுகைக்காரரு வீடு எதுன்னு கேட்டா காட்டிற மாட்டாகளா?

டென்னிஸ்: வேணாம் புள்ள... பேசாம கொடைக்கானல் போவோம். இங்கன இருக்கு, விடிய எந்திருச்சா மத்தியானம் போயிரலாம்.

இன்பம்: கொடைக்கானலா?

டென்னிஸ்: அங்கனயும் மலைதான, குளிருதான...

இன்பம்: நான் கொடைக்கானலுக்கா இம்புட்டு நாளும் ஏங்கிக்கிட்டு இருந்தேன்? சும்மா சொல்லல, எனக்கு அம்புட்டு ஆசை. எத்தன ஊரு படத்தக் கையால தொட்டிருக்கேன், முன்ன வேலை பாத்த அந்தக் காலண்டர் பிரஸ்ல. ஏரி, மலை, மணலு, பனி... எல்லாம் நம்ம ஊர்ல அச்சடிச்சு எங்கெங்கயோ போயிச் செவுத்துல தொங்குது. நான் இந்தச் செவுத்தைத் தாண்டல. நீங்க லோடு ஏத்திட்டுப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் நீங்க சொன்னதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பேன். ஒரு தடவையாச்சும் ஒங்க பக்கத்து சீட்டுல உக்காந்து போகணும்ங்க. அம்புட்டுத்தான். கிருபா காரும் குடுத்துட்டா, ரூமும் போட்டுட்டா. நீங்க மட்டும் பின்னால பின்னால இழுக்குறீக. ஏன்னு சொல்லுங்க.

டென்னிஸ்: வேனைத் தொடைக்கணும், போயிட்டு வாறேன்.

இன்பம்: என்னையக் கூட்டிட்டுப் போக இஷ்டமில்லயா?

டென்னிஸ்: ஐயோ, அப்படிச் சொல்லாத புள்ள.

இன்பம்: வேற எப்படிச் சொல்ல?

டென்னிஸ்: அந்தப் பேனாவக் கீள வையி.

இன்பம்: வச்சாச்சு.

டென்னிஸ்: நான் அங்கன போனதே இல்ல.

இன்பம்: எங்கன?

டென்னிஸ்: எங்கனயும்தான். பாலைவனம் பாக்கல, பனி பாக்கல. ஜோத்பூர்ல ஊருக்கு வெளிய ஒரு குடோன். சண்டிகர்லயும் அதே கதைதான். வெடி லோடு ஏத்துன வண்டி, ஊருக்குள்ள நிறுத்தக் கூடாது. அடுப்பு பத்தவைக்கக் கூடாது. சரக்கு எறங்குற வரைக்கும் வண்டியை விட்டு நகரக் கூடாது. லாரிக்கு அடியில தார்ப்பாயை விரிச்சுப் படுத்துக் கெடப்பேன். எறக்குன கையோட திரும்புற லோடு நிக்கும். ஏத்துனா நம்ம ஊருதான்.

இன்பம்: ம்...

டென்னிஸ்: குடோனுக்குப் பின்னால தூரத்துல புளுதி பறக்கும். அந்தா அதுதான் பாலைவனமா இருக்கும்னு நெனச்சுக்குவேன். எந்திருச்சுப் போயிப் பாத்துட்டு வரணும்னு கெடந்து தவிக்கும். போக முடியாது.

இன்பம்: ம்...

டென்னிஸ்: ம்னு சொல்லாத. திட்டு. தூக்கி எதையாச்சும் எறி.

இன்பம்: சேவைத்தான் எறியணும். அந்த இடதுகைக்காரரு?

டென்னிஸ்: அப்படி ஒரு ஆளே இல்ல.

இன்பம்: டீ?

டென்னிஸ்: டீயும் இல்ல. நீ அந்த வருசம் பிரஸ் வேலையை விட்டுட்டு வந்து உக்காந்திருந்த, ஞாபகம் இருக்கா? இடுப்பு வலி, நானே நின்னுட்டேன்னு சொன்ன. மூணு நாளா ஒரு வார்த்தை பேசல. நான் லோடு முடிச்சு வந்து நிக்கேன், சாப்பிட்டீகளான்னு கூடக் கேக்கல. சொவத்தப் பாத்து உக்காந்திருக்க. எனக்கு உசிரே போயிருச்சு. என்ன பேசன்னு தெரியல. சமையக்கட்டு அலமாரில பிரஸ்ல இருந்து கொண்டாந்த வேஸ்ட் தாளை விரிச்சிருந்த. அதுல ஒட்டகம், மணலு, முண்டாசு கட்டுன ஆளு...

இன்பம்: இடது கைல கம்பு.

டென்னிஸ்: ஆமா. அதப் பாத்துக்கிட்டே அடிச்சு விட்டேன். இந்த மாதிரி ஒரு ஆளை நேர்ல பாத்தேன் புள்ள, இடதுகைக்காரரு, டீ ஊத்திக் குடுத்தாருன்னு. நீ என்னைய நிமிந்து பாத்த. அப்புறம் சிரிச்ச பாரு... வயித்தப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வரச் சிரிச்ச. அந்தச் சிரிப்ப விட மனசில்ல. அடுத்த லோடுக்கு மலையைச் சொன்னேன். அதுக்கடுத்து பனி. இப்ப நீ சேவோட வந்து நிக்க... நான் ஒன்னையக் கூட்டிட்டுப் போயி எந்த வீட்டக் காட்ட?

இன்பம்: ஒரு வீட்டையும் காட்ட வேணாம். அப்படி ஒரு ஆளை நீங்க பாக்கலன்னு எனக்குத் தெரியும்.

டென்னிஸ்: தெரியுமா? எப்ப இருந்து?

இன்பம்: நீங்க சொன்ன அன்னைல இருந்து.

டென்னிஸ்: அன்னைல இருந்தா! இருவத்தாறு வருசமா தலையத் தலைய ஆட்டிக்கிட்டு... இப்பக்கூட அம்புட்டு கேள்வி கேட்டியே, பாவி!

இன்பம்: எப்பத்தான் நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன். கார் ஏறுறதுக்குள்ள சொல்லிட்டீக. நானும் ஒண்ணு மறைச்சுத்தான் வச்சிருந்தேன். எனக்கு அப்ப இடுப்பு வலியெல்லாம் இல்ல. நானா நிக்கவும் இல்ல. நிறுத்திட்டாக.

டென்னிஸ்: நிறுத்திட்டாகளா? எதுக்கு? அன்னைக்கு அப்படிச் சிரிச்சியே, அது எதுக்கு?

இன்பம்: பிரஸ்ல அச்சடிக்கிறதுக்கு முன்ன படத்துப் பிலிமை ஒட்டுற வேலை எனக்கு. அந்த ஒட்டகத்து மேல போட்டிருந்த துணில இந்தி எளுத்து. எனக்கு எது நேரு, எது மறுபக்கம்னு தெரியுமா? பிலிமைப் பொரட்டி ஒட்டிட்டேன். படமும் எளுத்தும் கண்ணாடில பாக்குற மாதிரி வலது இடதா மாறி விளுந்து, ஆர்டர் மொத்தமும் வேஸ்ட் ஆயிருச்சு. ‘இந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டு போயி தெனமும் பாரு’ன்னு கட்டிக் குடுத்து அனுப்பிட்டாக. வெக்கத்துல ஒங்ககிட்டச் சொல்ல வாய் வரல. செத்துறலாமான்னு உக்காந்திருக்கேன், நீங்க வந்து அந்த மனுசன் இடது கையால டீ குடுத்தாருங்கீக... அவரு நல்ல சோத்துக்கைக்காரருங்க. இடதுகைக்காரரா ஆக்குனது நான்தான். சிரிக்காம என்ன செய்வேன்? அந்தச் சிரிப்புலதான் நான் பொளச்சேன். இந்தாங்க, சேவைப் பைல வையுங்க. அங்கன ஒரு ஒட்டகக்காரருகூடவா இருக்க மாட்டாரு? எந்தக் கையால வாங்குறாருன்னு ரெண்டு பேருமாச் சேந்து பாத்துட்டு வருவோம்.